ஐந்தாம் நாளுக்குப் பின் எங்கே? வன்முறையிலிருந்து வெளியேறும் பெண்களும் அவர்களைத் தாங்கும் அமைப்புகளும்

குடும்ப வன்முறைக்கு உள்ளான ஒரு பெண் மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கு வந்து தம் நிலையைச் சொல்லும்போது பாதுகாப்பு அலுவலர் கையில் எடுக்கும் படிவத்துக்குக் குடும்ப நிகழ்வு அறிக்கை என்று பெயர். அலுவலகத்திலும் நீதிமன்ற வளாகத்திலும் எல்லோரும் அதை ‘டி.ஐ.ஆர்.’ என்றே சொல்கிறார்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006-ஆம் ஆண்டு விதிகளுடன் முதல் படிவமாக இணைக்கப்பட்டுள்ள அந்தத் தாள்களில் வன்முறை உடல் சார்ந்தது, பாலியல் சார்ந்தது, சொல்லாலும் மனத்தாலும் நிகழ்வது, பொருளாதாரம் சார்ந்தது என நான்காகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் கீழும் குறியிட வேண்டிய வரிகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. அடித்ததும் உதைத்ததும் ஒரு பகுதியில் வருகின்றன. ஆண் குழந்தை பெறவில்லை என்று குத்திக்காட்டியதும், வேலைக்குப் போகவிடாமல் தடுத்ததும், வீட்டை விட்டு வெளியே செல்லவிடாமல் வைத்திருந்ததும் இன்னொரு பகுதியில் வருகின்றன. அதற்கும் கீழே சாப்பாட்டுக்கும் துணிக்கும் மருந்துக்கும் பணம் தராதது, வாடகை கட்டாதது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டது, சீதன நகையைக் கேட்காமல் அடகு வைத்தது ஆகியவை வரிசையாக நிற்கின்றன.

இந்தக் கடைசிப் பகுதிக்கு வரும்போதுதான் பல பெண்கள் தயங்குகிறார்கள். நகையை அடகு வைப்பது எந்த வீட்டில் இல்லை, அதையெல்லாம் எழுத வேண்டுமா என்று அவர்களே கேட்பார்கள். கன்னத்தில் விழுந்த அறையைச் சொல்லத் தெரிந்த ஒருவருக்கு, ஏழு வருடமாகத் தம் கையில் பஸ்ஸுக்குக்கூடக் காசு இருந்ததில்லை என்பது புகாராகத் தெரிவதில்லை. நீதிமன்றத்தில் வாழ்க்கைச் செலவு கேட்கும் நாளில் அந்தப் பகுதியே முக்கியமாகிவிடும். படிவத்தை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு மனிதர் எதிரில் இருந்தால் அது நிரம்பும். வரிசையில் இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்ற அவசரத்தில் கேட்டால் காலியாகவே கிடக்கும். பெண்களுக்கான ஆதரவு அமைப்புகளைப் பற்றிய பேச்சில் கட்டடமும் உதவி எண்ணும் திட்டத்தின் பெயருமே பெரிதாக அடிபடுகின்றன. ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் இடையில் அந்தப் பெண் தனியாக நடக்க நேரும் தூரம்தான் இந்த ஏற்பாட்டின் உண்மையான பலவீனம் என்பது என் எண்ணம்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) தமிழ்நாட்டைப் பற்றித் தரும் கணக்கு வசதியானதன்று. திருமணமான, 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை எப்போதேனும் அனுபவித்திருக்கிறார்கள்; இந்திய அளவில் இது 29 விழுக்காடு. கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னணியில் நிற்கும் மாநிலம் இதில் தேசிய சராசரிக்கு மேலே நிற்கிறது. இங்குள்ள பெண்கள் கூடுதலாக வெளிப்படையாகச் சொல்கிறார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். ஆயினும் அதை வைத்து எண்ணிக்கையைத் தள்ளிவிட முடியாது. அதே ஆய்வின் இன்னொரு தகவல் இன்னும் கனமானது. நாடு முழுவதும் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களில் 77 விழுக்காட்டினர் எவரிடமும் உதவி கேட்டதும் இல்லை, நடந்ததைச் சொன்னதும் இல்லை. உதவி கேட்ட 14 விழுக்காட்டினரில் பெரும்பாலோர் போனது தம் குடும்பத்தாரிடம்தான். காவல் நிலையத்துக்கும் மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் போனவர்கள் மிகச் சிலர். அரசு கட்டிவைத்திருக்கும் எந்த வாசலும் இவர்களில் பெரும்பாலோருக்கு முதல் வாசல் இல்லை.

அம்மா வீடுதான் முதல் வாசல். அது எப்படித் திறக்கும் என்பதும் நமக்குத் தெரியும். இரண்டு நாள் தங்கலாம், மூன்றாம் நாள் அத்தை வருவார், ஐந்தாம் நாள் பெரியப்பா தலைமையில் பேச்சு நடக்கும், எட்டாம் நாள் மாமனார் வீட்டார் வந்து “இனி நடக்காது” என்று சொல்லி அழைத்துப் போவார்கள். தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்ற கவலை அந்தக் கூடத்தில் சொல்லப்படாமலே உட்கார்ந்திருக்கும். கணவனை விட்டு வந்த பெண்ணுக்கு ‘வாழாவெட்டி’ என்று ஒரு சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. அடித்தவனுக்கு இணையாக ஒரு சொல் அதில் இல்லை. சாதி மாறித் திருமணம் செய்துகொண்டவர்களுக்கு இந்த முதல் வாசலும் கிடையாது. அப்படிப்பட்ட தம்பதியருக்கு மாவட்டந்தோறும் பாதுகாப்பு இல்லங்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் சொல்லியும், தேவைக்கு ஏற்ற வேகத்தில் அவை வரவில்லை.

நூறாண்டு பழைய வாசல்கள்

வீட்டுக்கு வெளியே ஒரு கூரை வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. 1912-இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கிய சகோதரி சுப்பலட்சுமி, சென்னையில் கடற்கரையை ஒட்டிய ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இளம் விதவைகளுக்கான இல்லத்தை நடத்தினார். அங்கே தங்கியவர்கள் படித்து ஆசிரியர்களாக வெளியேறினார்கள். 1930-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அவ்வை இல்லம், வேறு விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட தேவதாசிக் குடும்பத்துப் பெண் குழந்தைகளுக்காகத் தோன்றியது. விடுதலைக்குப் பின் அரசே சேவை இல்லங்களை நடத்தத் தொடங்கியது. தாம்பரத்தில் உள்ள அரசினர் சேவை இல்லத்தின் பெயரைக் கைவிடப்பட்ட பெண்களைப் பற்றிய பேச்சில் அந்தக் கால மனிதர்கள் இன்றும் சொல்வார்கள். இவை அனைத்திலும் தங்குமிடத்தோடு படிப்போ தொழிலோ சேர்ந்தே இருந்தது. பிந்தைய திட்டங்கள் பலவற்றில் தங்குமிடம் தனியாகவும் பிழைப்பு தனியாகவும் பிரிந்துபோனதை நினைக்கும்போது, முன்னோடிகள் எதைச் சரியாகப் பிடித்தார்கள் என்பது விளங்குகிறது.

காவல்துறையின் பக்கம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. பின்னர் மாநிலம் முழுவதும் அவை பரவின. ஆண் காவலர் முன் வாய் திறக்கத் தயங்கிய பெண்களுக்கு அது பெரிய மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நடைமுறையில் அந்த நிலையங்கள் பலவும் மனு விசாரிக்கும் கூடங்களாகவே இயங்குகின்றன. மனு கொடுத்தால் ‘சி.எஸ்.ஆர்.’ என்னும் ரசீது தருவார்கள், கணவரை வரவழைப்பார்கள், இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள், எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள். குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என்று 2013-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே, திருமணத் தகராறுகளில் முன்விசாரணை செய்யலாம் என்று ஒரு விலக்கையும் வைத்ததால், இந்தப் பழக்கத்துக்குச் சட்டத்தின் நிழலும் கிடைத்துவிட்டது. மனைவியைக் கணவரோ அவர் உறவினரோ கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்கும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு, என்பது கடைசி ஆயுதமாகவே மேசையில் கிடக்கிறது.

பெண்களிலும் பலர் கணவரைச் சிறைக்கு அனுப்ப வருவதில்லை. “ஜெயிலுக்கெல்லாம் வேண்டாம் மேடம், அடிக்காம இருந்தாப் போதும், பிள்ளைங்க படிப்புக்குக் காசு கொடுத்தாப் போதும்” என்பது இந்த அலுவலகங்களில் அன்றாடம் கேட்கும் பேச்சு. 26 அக்டோபர் 2006 அன்று நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, இந்தப் பேச்சுக்குப் பதிலாகவே எழுதப்பட்டது போலிருக்கும். அடிக்கக் கூடாது, பின்தொடரக் கூடாது என்ற பாதுகாப்பு ஆணை, வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்ற வசிப்பிட ஆணை, செலவுக்கான பண நிவாரணம், குழந்தையைத் தற்காலிகமாகத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் ஆணை, இழப்பீடு ஆகிய அனைத்தையும் ஒரே மனுவில் நீதித்துறை நடுவரிடம் கேட்கலாம். மனைவிக்கு மட்டும் உரிய சட்டமும் அன்று இது. மகனிடம் அடிபடும் தாயும், அண்ணன் வீட்டில் வதைபடும் தங்கையும், திருமணம் போன்ற உறவில் வாழ்ந்தவரும் இதன் கீழ் வருகிறார்கள். ஆணையை மீறினால் மட்டுமே குற்றம். அதற்கு ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.

வசிக்கும் உரிமையைப் பற்றி ஒரு குறிப்பு தேவை. வீடு மாமியார் பெயரில் இருக்கிறது, உனக்கு இங்கே என்ன உரிமை என்று சொல்லி வெளியேற்றுவது நீண்ட காலம் எடுபட்டது. 2006-இன் ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதற்குத் துணை நின்றது. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடானாலும் அந்தப் பெண் உண்மையில் குடும்பமாக வாழ்ந்த வீடாக இருந்தால் அங்கே வசிக்கும் உரிமையைக் கோரலாம் என்றது. இந்தத் தீர்ப்பைத் தெரிந்துவைத்திருக்கும் ஒருவர் முதல் நாளிலேயே பக்கத்தில் இருந்தால், சாவியைப் பறிகொடுத்துவிட்டுத் தெருவில் நிற்கும் பெண்ணின் அடுத்த மூன்று மாதங்கள் வேறு மாதிரி இருக்கும்.

சட்டம் எதிர்பார்க்கும் மனிதர்கள்

இந்தச் சட்டத்தின் தனித்தன்மை, நீதிமன்றத்துக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஆட்களை நிறுத்தியிருப்பதுதான். பாதுகாப்பு அலுவலர், பதிவுபெற்ற சேவை வழங்குநர் எனப்படும் தொண்டு நிறுவனம், அறிவிக்கப்பட்ட தங்கும் இல்லம், மருத்துவமனை ஆகியோருக்குத் தனித்தனியே கடமைகள் எழுதப்பட்டுள்ளன. டி.ஐ.ஆர். இன்னும் போடவில்லை என்பதற்காக எந்த இல்லமும் இடம் தர மறுக்கக் கூடாது, எந்த மருத்துவமனையும் சிகிச்சை மறுக்கக் கூடாது என்று விதிகளே சொல்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர்கூட நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். அதற்காக அவர்மீது வழக்கு வராது. மனு வந்தால் மூன்று நாள்களுக்குள் முதல் விசாரணை, அறுபது நாள்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பவையும் சட்டத்தின் சொற்களே.

அறுபது நாள் என்பதை வழக்கறிஞர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். எதிர்மனுதாரருக்கு அழைப்பாணையைச் சேர்ப்பதிலேயே மாதங்கள் போய்விடும். வீடு பூட்டியிருந்தது, ஊரில் இல்லை, பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வரும். அதைக் கொண்டு சேர்ப்பிக்கும் பொறுப்பும் பாதுகாப்பு அலுவலருடையதே. ஒரு மாவட்டத்தின் அறிக்கைகளையும் அழைப்பாணைகளையும் நீதிமன்றம் கேட்கும் வீட்டு விசாரணைகளையும் ஒருவரே சுமக்கும்போது நேர்வது இது. பல மாநிலங்களில் வேறு வேலை பார்க்கும் அதிகாரிக்கே இதுவும் கூடுதல் பொறுப்பாகத் தரப்பட்டது. சட்டம் வந்து பத்தொன்பது ஆண்டுகள் நெருங்கிய நிலையில், 2025 மே மாதத்தில்கூட, பாதுகாப்பு அலுவலர்களை அடையாளம் கண்டு நியமிக்கும்படி உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட நேர்ந்தது.

ஆலோசனை என்ற சொல் இந்த ஏற்பாட்டில் மிக மோசமாகப் பயன்படுத்தப்படும் சொல் என்பேன். 2006-ஆம் ஆண்டு விதிகளில் 14-ஆம் விதியைப் படித்தவர்கள் வியப்பார்கள். நடுவர் உத்தரவிடும் ஆலோசனையின்போது, தாம் செய்த வன்முறைக்கு எதிர்மனுதாரர் எந்த நியாயமும் கற்பிக்க அனுமதியில்லை. அப்படி நியாயம் சொல்வது அங்கே எடுபடாது என்பதை அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கவும் வேண்டும். குழம்பில் உப்பு அதிகம், எதிர்த்துப் பேசினாள், போனில் யாரோடோ பேசினாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. நம் ஊரில் ‘கவுன்சலிங்’ என்ற பெயரில் நடப்பவை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானவை. அவன் ஏன் அடித்தான் என்பதில் பேச்சு தொடங்கும். நீ என்னம்மா பண்ணினே என்பதில் வந்து நிற்கும். கொஞ்சம் அனுசரித்துப் போ, குழந்தைகள் முகத்தைப் பார் என்பதில் முடியும். எத்தனை குடும்பங்கள் சேர்த்துவைக்கப்பட்டன என்பதே வெற்றியின் கணக்காகப் பதிவேட்டில் ஏறும் இடத்தில், சேர்த்துவைக்கப்பட்ட பெண் ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார் என்று கேட்கும் பத்தி எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை.

2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு உருவான நிர்பயா நிதியிலிருந்து வந்தவை ‘சகி’ எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள். 2015 ஏப்ரலில் திட்டம் நடைமுறைக்கு வந்து, அவ்வாண்டு ஜூலையில் ராய்ப்பூரில் முதல் மையம் திறந்தது. இன்று தமிழ்நாட்டின் மாவட்டங்களிலும் அவை இயங்குகின்றன. மருத்துவம், காவல், சட்டம், மனநல ஆலோசனை, தற்காலிகத் தங்கல் ஆகிய ஐந்தையும் ஒரே கூரையின் கீழ்த் தருவது நோக்கம். நடந்ததை ஒரே முறை சொன்னால் போதும், ஐந்து மேசையில் ஐந்து முறை அழ வேண்டாம் என்பதே இதன் கருத்து. 181 என்ற மகளிர் உதவி எண்ணும் இருபத்துநான்கு மணி நேரமும் இதனோடு சேர்ந்து இயங்குகிறது. தமிழ்நாட்டில் அது 2018-இன் இறுதியில் தொடங்கப்பட்டது. கருத்தாக இது சிறந்தது. ஆயினும் மையம் இருப்பது மாவட்டத் தலைநகரில். வால்பாறையின் ஒரு தேயிலைத் தோட்ட வரிசை வீட்டிலிருந்து கோவைக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், அதிலும் ஆழியாறு வரை நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். கைக்குழந்தையோடு, அன்றைய கூலியை இழந்து, திரும்பிப் போகும்போது “எங்கே போனே?” என்ற கேள்விக்குப் பதிலையும் தயாராக வைத்துக்கொண்டு அந்தப் பயணத்தைச் செய்ய வேண்டியிருக்கிறது. திருப்பூரில் பின்னலாடை வேலைக்கு வந்திருக்கும் ஒடிசாப் பெண்ணுக்கு மையம் பக்கத்திலேயே இருந்தாலும், அவரது மொழி தெரிந்தவர் அங்கே இருப்பது அவரது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

துணைக்கு வருபவர்

இந்த இடைவெளியை இட்டு நிரப்பியவர்கள் பெரும்பாலும் அரசுக்கு வெளியே இருந்தவர்கள். சென்னையில் 2001 முதல் இயங்கும் பி.சி.வி.சி. என்னும் தொண்டு நிறுவனம் நெருக்கடி அழைப்பு எண்ணோடும் தங்கும் இல்லத்தோடும் நிற்காமல், கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவிலும் வேலை செய்தது. அந்தப் பிரிவில் பணியாற்றியவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடம்: “சமைக்கும்போது ஸ்டவ் வெடிச்சிருச்சு.” மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் காலத்திலும் கேஸ் அடுப்பின் காலத்திலும் அந்த வாக்கியம் மாறவில்லை. கட்டிலின் தலைமாட்டில் கணவர் நிற்கிறார், ஊரில் குழந்தைகள் அவரது வீட்டில் இருக்கிறார்கள், பிழைப்போமா என்பது தெரியவில்லை. இந்த நிலையில் அந்தப் பெண் வேறு என்ன சொல்வார்? கட்டுப் போடும் நேரத்தில் தினமும் வந்து உட்கார்ந்து, நடந்ததைப் பற்றிக் கேட்காமல் வலியைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேசும் ஒருவரிடம்தான் இரண்டாம் வாரத்திலோ மூன்றாம் வாரத்திலோ உண்மை வெளிவரும். உயிர் பிழைத்தவர்களுக்கு அதற்குப் பின் தோல் ஒட்டுச் சிகிச்சையும், இறுகிப்போன கழுத்துக்கும் விரல்களுக்கும் பயிற்சியும், முகத்தைப் பார்த்து வேலை மறுக்கும் உலகமும் காத்திருக்கின்றன. அவை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீள்பவை.

மருத்துவமனைதான் சரியான நுழைவாயில் என்பதை வேறு ஊர்களும் கண்டிருக்கின்றன. மும்பை பாந்த்ராவின் பாபா மருத்துவமனையில் செஹத் அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நிறுவிய திலாசா மையம் இதற்கு முன்மாதிரி. இலங்கையின் அரசு மருத்துவமனைகளிலும் இதே நோக்கத்துக்கான பிரிவுகள் உண்டு. தமிழில் அவற்றுக்கு ‘நட்பு நிலையம்’ என்று பெயர். பெயர்ப்பலகையில் வன்முறை என்ற சொல்லே இல்லாததால், கணவரோடு மருத்துவமனைக்கு வந்த பெண்கூட அந்தக் கதவுக்குள் போய்வரலாம். நம் அலுவலகங்களுக்குப் பெயர் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் முன்னின்று நடத்திய ஸ்டெப்ஸ் அமைப்பிலிருந்து இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் பிறந்த பெண்கள் ஜமாஅத் இன்னொரு வகை. தலாக், வரதட்சணை, அடி உதை ஆகியவை ஆண்கள் மட்டுமே அமர்ந்த ஜமாஅத்தில் பேசி முடிக்கப்பட்டபோது, சம்பந்தப்பட்ட பெண் வாசலில்கூட நிற்க முடியவில்லை என்பதிலிருந்தே அது கிளம்பியது. சட்டமும் அதிகாரமும் கையில் இல்லாமலே, கூட்டமாகப் போய் நிற்பதாலும், மனு எழுதிக் காவல் நிலையம் வரை உடன் செல்வதாலும் அந்தப் பெண்கள் சாதித்தது அதிகம். 1989-இல் தர்மபுரியில் தொடங்கிப் பின்பு மகளிர் திட்டமாக விரிந்த சுய உதவிக் குழுக்களிலும் இதன் சாயல் உண்டு. குழுக் கூட்டத்துக்கு இரண்டு வாரம் வராத உறுப்பினரைத் தேடிப் போனவர்கள், அவர் முகம் வீங்கியிருப்பதை முதலில் பார்த்தவர்களாகவும் இருந்திருக்கிறார்கள். கடன் தவணை அறையில் பேசப்படும் இந்தச் செய்திகள் அங்கிருந்து எங்கே போக வேண்டும் என்பதற்கு ஒரு வழி வகுக்கப்படவில்லை. அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், 2021 முதல் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தம் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் ஆகியோரும் அடுப்படி வரை போகிறவர்கள்தான். இவர்களைப் புகார் எழுதுபவர்களாக ஆக்கினால் மறுநாளே கதவு சாத்தப்படும். எங்கே போகலாம், யாரைப் பார்க்கலாம், போகும்போது எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்களாக இருந்தால் போதும்.

எதை எடுத்துக்கொள்வது என்பது சின்ன விஷயம் அன்று. இந்தத் துறையில் பழகியவர்கள், கிளம்பும் எண்ணம் வந்ததுமே ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, மருத்துவச் சீட்டுகள், நகையின் ரசீது ஆகியவற்றையோ அவற்றின் நகலையோ நம்பிக்கையான ஒரு வீட்டில் கொடுத்துவைக்கச் சொல்வார்கள். கட்டிய புடவையோடு வந்துவிட்ட பெண்ணுக்கு அடுத்த ஆறு மாதத்தில் பாதி இந்தக் காகிதங்களைத் திரும்பப் பெறுவதிலேயே கழியும். வங்கிக் கணக்கோடு இணைந்திருப்பது கணவரின் கைப்பேசி எண் என்றால், அந்தப் பெண்ணின் கணக்கில் மாதந்தோறும் வரும் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையின் குறுஞ்செய்திகூட அடித்தவரின் கைக்குத்தான் போகும். புதிய ரேஷன் அட்டைக்குப் பழைய அட்டையிலிருந்து பெயர் நீங்க வேண்டும். குழந்தையை வேறு பள்ளியில் சேர்க்க ‘டி.சி.’ கேட்பார்கள், அதை வாங்கப் போனால் எந்த ஊருக்கு மாறுகிறோம் என்பது கணவருக்குத் தெரிந்துவிடும். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டி எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்க முடியாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பள்ளித் தலைமையாசிரியரிடம் அதை எடுத்துச் சொல்ல உடன் போக ஓர் ஆள் வேண்டும்.

ஆறாம் நாள்

சகி மையத்தில் பொதுவாக ஐந்து நாள் தங்கலாம். அதற்குப் பின் தேவைப்படுபவர்களுக்கு நீண்ட காலத் தங்கும் இல்லங்கள் உண்டு. 1969-இல் தொடங்கிய குறுகிய காலத் தங்கும் இல்லங்களும் பின்னர் வந்த ஸ்வதார் இல்லங்களும் ஒன்றாக்கப்பட்டு, 2022-இல் மிஷன் சக்தி என்ற குடையின் கீழ் ‘சக்தி சதன்’ என்று பெயர் மாறியிருக்கின்றன. பெயர்கள் மாறும் வேகத்தில் இல்லங்களில் பணியாற்றுபவர்களின் சம்பளம் மாறுவதில்லை. மானியம் தாமதமாகும் மாதங்களில் மளிகைக் கடைக்காரரின் தயவில் இல்லம் நடப்பது இத்துறையில் பழகிய கதை. பழைய ஸ்வதார் விதிகளின்படி குடும்ப வன்முறையிலிருந்து வந்தவர் ஓராண்டு வரைதான் தங்க முடிந்தது. வேறு காரணங்களால் ஆதரவற்றவர்களானோருக்கு மூன்றாண்டு. கணவர் இருக்கிறார், ஆகவே பிரச்சினை ஓராண்டில் தீரும் என்ற எண்ணம் இந்தப் பாகுபாட்டின் அடியில் இருந்ததாகவே தோன்றுகிறது.

இல்லங்களின் விதிகளில் என்னை அதிகம் உறுத்துவது ஆண் பிள்ளைகளுக்கான வயது வரம்பு. பெண் குழந்தை எந்த வயதானாலும் தாயோடு தங்கலாம். குறிப்பிட்ட வயதைத் தாண்டிய மகனுக்கு அங்கே இடமில்லை. மற்றப் பெண்களின் பாதுகாப்பு கருதி வைக்கப்பட்ட விதி அது, காரணம் புரிகிறது. ஆனால் பதினான்கு வயது மகன் உள்ள தாய் என்ன செய்வார்? அவனை அரசு விடுதியில் விட வேண்டும், அல்லது அடிக்கிற தகப்பனிடமே விட வேண்டும், அல்லது தாமே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். பெரும்பாலோர் மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு செய்தும் அவள் மறுபடியும் போய்விட்டாளே என்று அலுத்துக்கொள்பவர்களும் உண்டு. வெளியேற எண்ணும் பெண் பல முறை போய்த் திரும்பி வருவது இந்தப் பணியில் இருப்பவர்களுக்குப் புதிதன்று. ஒவ்வொரு முறையும் அவர் ஏதோ ஒரு காகிதத்தையோ ஒரு தொலைபேசி எண்ணையோ கொஞ்சம் துணிவையோ எடுத்துக்கொண்டே திரும்புகிறார். ஆகவே நான்காம் முறை வருபவரையும் முதல் முறை வந்தவரைப் போலவே உட்காரவைத்துக் கேட்கும் இல்லம்தான் நல்ல இல்லம்.

சட்ட உதவிக்குக் காசு வேண்டாம் என்பதாவது தெளிவாக இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் எந்தப் பெண்ணும் இலவசமாக வழக்கறிஞரைப் பெறலாம். நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணும் உண்டு. ஜீவனாம்சம் மனு போட்ட நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும், இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்று 2020-இல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. உத்தரவு வாங்குவது ஒரு வேலை. அதை வசூலிப்பது இன்னொரு வேலை. சுயதொழில் செய்பவரின் வருமானத்தை நிரூபிக்க அவர் வண்டியின் புகைப்படத்தையும் கடை வாசலின் படத்தையும் எடுத்துக்கொண்டு அலையும் பெண்களை எந்தக் குடும்ப நீதிமன்ற வராந்தாவிலும் பார்க்கலாம்.

இல்லத்தை விட்டு வெளியே வரும் நாளில் வேலை கிடைத்திருக்கலாம். தையல் பிரிவிலோ துணிக்கடையிலோ மருத்துவமனைத் துப்புரவிலோ எட்டாயிரமோ பத்தாயிரமோ சம்பளம் பேசியிருக்கலாம். அரசின் தோழி விடுதிகள் வேலைக்குப் போகும் பெண்களுக்கு நல்ல ஏற்பாடு, தனியாக இருப்பவருக்கு அது போதும். பிள்ளைகளோடு இருப்பவருக்கு வீடு வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொன்னாலும், சென்னையில் பத்து மாத ‘அட்வான்ஸ்’ கேட்பது நின்றுவிடவில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, மனைவி வாழ்ந்த தரத்துக்கு ஈடான வேறு வீட்டை ஏற்பாடு செய்து தரவோ அதற்கு வாடகை கட்டவோ கணவருக்கு நடுவர் உத்தரவிடலாம். எத்தனையோ மனுக்களில் இந்த வரி கேட்கப்படாமலே விட்டுப்போகிறது. ஆகவே அந்தப் பெண் கையில் ஒரு மாதச் சம்பளத்தோடும் இரண்டு பிள்ளைகளோடும் ‘வீடு வாடகைக்கு’ என்று அட்டை தொங்கும் கதவுகளைத் தட்டிக்கொண்டு போகிறார். உள்ளிருந்து வரும் அம்மா குழந்தைகளைப் பார்ப்பார், கழுத்தைப் பார்ப்பார், பிறகு கேட்பார்: “வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறாரும்மா? அவரையும் ஒருவாட்டி வந்து பார்க்கச் சொல்லு.”